களித்தீவில் கட்டுமரத்துக்கு இடமில்லை

கடல் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பதைத் தவிர வேறெதிலும் இரண்டு பேர் ஒத்துப்போகாத காலத்தில், நூற்றெட்டுத் தீவுகள் கொண்ட ஒரு நாடு இருந்தது. மற்ற நாட்டாரைப் போலவே அந்த நாட்டாருக்கும் உழைப்பு, கவலை, கல்யாணம், வயிற்றுவலி எல்லாம் உண்டு. கூடுதலாக விளையாட்டுப் பைத்தியமும் இருந்தது. ஆடுகளங்கள் அத்தனையும் ஒரே தீவில் இருந்தன. அதன் பெயர் களித்தீவு. அதைச் சுற்றி, நண்டு நுழையவும் இடுக்கு விடாமல் கருங்கல் சுவர் எழுப்பியிருந்தார்கள். களிச்சபை என்று ஒரு சபை அதை ஆண்டது. அந்தச் சபையை மக்களேதான் தேர்ந்தெடுத்தார்கள். மக்களுக்கு அது அடிக்கடி மறந்துபோகும், சபைக்கு எப்போதும் மறந்திருக்கும்.

நாட்டில் முக்கால்வாசிக்கும் மேலான பேர், படகுக் குழுமம் என்ற பெரிய நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த படகில் களித்தீவுக்குப் போவார்கள். அந்தப் படகுகளுக்கு மூக்கு சதுரமாக இருக்கும். களித்தீவின் துறைகளையும் அந்த மூக்கு பொருந்தும்படி சதுரமாகவே வெட்டியிருந்தார்கள். படகு பார்ப்பதற்கு உங்களுடையதைப் போலவே இருக்கும், ஆனால் உங்களுடையதில்லை. நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும்போது குழுமத்தின் ஆட்கள் நீந்தி வந்து ஏறி, "செப்பனிடுகிறோம், துடுப்பைத் தொடாதீர்கள்" என்பார்கள். ஒரு நாழிகை கழித்து அவர்கள் இறங்கிப் போன பின் பார்த்தால், இடப்பக்கம் இருந்த துடுப்பு வலப்பக்கம் போயிருக்கும். எதற்கு என்று கேட்டால், இதுதான் இப்போது நல்லது என்று பதில் வரும். மக்கள் பழகிக்கொண்டார்கள். பழகிக்கொள்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பழகிக்கொள்ளாத கொஞ்சம் பேர் முடிச்சுத்தீவில் இருந்தார்கள். அவர்கள் யாரிடமும் படகு வாங்குவதில்லை. நாலைந்து மரத்தை இழைத்துக் கயிற்றால் பிணைத்துக் கட்டுமரம் ஆக்கிக்கொள்வார்கள். ஒருவர் போட்ட முடிச்சை யாரும் அவிழ்த்துப் பார்க்கலாம், திருத்திப் போடலாம், அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். முடிச்சை ஒளித்து வைப்பதுதான் அந்த ஊரில் மானக்கேடு. நல்லவர்கள்தான், ஆனால் ஒரு கெட்ட குணம் உண்டு. இருவர் எதிர்ப்பட்டால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் உன் மரத்தில் என்ன முடிச்சு என்று கேட்பார்கள். என்ன பதில் சொன்னாலும் அது தப்பு முடிச்சு.

கட்டுமரத்தின் முனை கூராக இருப்பதால் சதுரத் துறையில் ஏறாது. அதற்கும் அவர்கள் வழி கண்டார்கள். பலகையில் ஒரு சதுர முகப்புச் செய்து, களித்தீவு கண்ணில் படும்போது மரத்தின் முனையில் மாட்டிக்கொள்வார்கள். அதற்குப் பொய்மூக்கு என்று பெயர். பொய்மூக்கு வைத்த மரம் வாடகைப் படகைவிடச் சுருக்காகத் துறையில் ஏறியது. இதைப் படகுக்காரர்களிடம் சொல்லாமல் இருக்க முடிச்சுத்தீவாரால் முடிந்ததே இல்லை.

அந்தத் தீவில் கயிறு திரித்துப் பிழைத்தவள் அரும்பாயி. அவளுக்கு உலகத்தில் ஒட்டு உறவு என்று இருந்தது ஓர் அக்காள் மட்டும். பூவாத்தாள் என்று பெயர். பெருந்தீவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பெருந்தீவுக்குத் துடுப்பு வலிக்க இரண்டு நாளாகும். களித்தீவு சரியாக நடுவில் இருந்தது. அதனால் மாதத்தில் ஒருநாள் இருவரும் அங்கே வந்து நாற்றூண் ஆடுவார்கள். நான்கு தூண், ஒரு கயிற்றுப் பந்து, பக்கத்துக்கு இரண்டு பேர். மூன்றாம் மணி அடிக்கும்போது ஜோடியில் இருவரும் களத்தில் நிற்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு மாதம் ஜோடி சேராவிட்டால் களத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

களத்தில் ஆடும் உரிமைக்கான செப்பேட்டைக் கல்யாணத்துக்கு முன்பே இருவரும் ஆளுக்கொன்றாக ஆயுளுக்கும் சேர்த்து வாங்கியிருந்தார்கள். பூவாத்தாளின் மாமியார் மருமகளை வாசல் தாண்ட விடாதவள். ஆனால் காசு கொடுத்து வாங்கியது வீணாவதை அவளால் தாங்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காக மாதம் ஒருமுறை அனுப்பி வைத்தாள். களம் போனால் அக்காளும் போனாள் என்பது அரும்பாயிக்கு நன்றாகத் தெரியும்.

ஆனாலும் எத்தனை நாளைக்குப் பொய்மூக்கை மாட்டிக்கொண்டு போவது என்று ஒரு நாள் முடிச்சுத்தீவாருக்கு ரோஷம் வந்தது. துறையில் ஒரே ஒரு கல்லைச் சரிவாகச் செதுக்கித் தந்தால் போதும், எங்கள் மரம் தானே ஏறிக்கொள்ளும் என்று சபைக்கு மனுப் போட்டார்கள். சபையின் தலைமை அளவையர் அளவைநாயகம் என்பவர். எதையும் எண்ணாமல் நம்ப மாட்டார், எண்ணிய பின் எதையும் மாற்ற மாட்டார். அவர் கோபுரத்தில் ஏறி ஒரு நாள் முழுக்க மூக்குகளை எண்ணினார். வந்தவை யாவும் சதுர மூக்குகள், கட்டுமரம் ஒன்றுகூட வரவில்லை என்று அறிக்கை கொடுத்தார். கட்டுமரத்தில் ஒருவரும் வராதபோது கட்டுமரத்துக்குத் துறை கேட்பது, மாப்பிள்ளை இல்லாத கல்யாணத்துக்குப் பந்தி போடச் சொல்வதற்குச் சமம் என்று சபை தீர்ப்பளித்தது.

அடுத்த மாதம் எல்லோரும் பொய்மூக்கைக் கழற்றிவிட்டுப் போய்க் கடலில் நின்றார்கள். அளவைநாயகம் மறுபடி எண்ணினார். நூற்றுக்கு இரண்டு தேறியது. எண்ணி முடித்ததும் அரும்பாயி மூக்கை மாட்டிக்கொண்டு அவசரமாக ஆடப் போனாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், கொள்கை வேறு, அக்காள் வேறு. சபை இம்முறை மிகவும் வருத்தப்பட்டது. நூற்றில் இருவர் என்றாலும் அவர்களும் மக்களே என்றது. ஆனால் அந்த இருவரிடம் நாற்பது வகை முடிச்சு இருக்கிறதே, எந்த முடிச்சுக்காரருக்கென்று துறை அமைப்பது என்று கேட்டது. ஒரே முடிச்சைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தது.

கல்லைச் செதுக்குவதற்கும் முடிச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முடிச்சு என்ற சொல் காதில் விழுந்ததுமே ஊருக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. நான்கு நாள் ஊர்க்கூட்டம் நடந்தது. மூன்றாம் நாள், அதிசயமாக, எல்லோரும் ஒரு முடிச்சுக்கு ஒப்புக்கொண்டார்கள். நான்காம் நாள் அதற்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு எழுந்து, கூட்டம் அடிதடியில் கலைந்தது. அன்று அதிகமாகக் கத்தியவர்களில் அரும்பாயியும் ஒருத்தி. தொண்டை கட்டிப்போய் இரண்டு நாள் கஞ்சியோடு கிடந்தாள்.

இதற்கு நடுவில் புகார்ப் பெட்டி விவகாரம் வந்தது. களித்தீவின் வாசலில் ஒரு பெட்டி உண்டு. பெருந்தீவார் அதில் போடும் ஓலைகளில் "சரியில்லை" என்று ஒரே சொல் இருக்கும். முடிச்சுத்தீவார் அப்படி எழுத மாட்டார்கள். அரும்பாயி போட்ட ஓலையில், நாற்றூண் களத்தில் கிழக்குத் தூணுக்கு அடுத்த பலகை ஆடுகிறது, நீர் ஏற்றத்தின்போது தெற்குப் பக்கம் நாலு விரல் தாழ்கிறது, அடியில் எதுவோ தளர்ந்திருக்கிறது, நான் மூன்று மாதமாகக் குறித்து வைத்திருக்கிறேன் என்று படம் வரைந்து எழுதியிருந்தது.

அளவைநாயகம் ஓலைகளைப் படிக்கவில்லை, எண்ணினார். நூறு புகாரில் நாற்பது முடிச்சுத்தீவிலிருந்து வந்திருந்தது. ஆட்டக்காரர்களில் நூற்றுக்கு இரண்டு, புகார்களில் நூற்றுக்கு நாற்பது. ஆகவே இவர்களை நீக்கினால் களித்தீவின் குறைகளில் நாற்பது விழுக்காடு நீங்கிவிடும் என்று அவர் கண்டுபிடித்தார். இனி வாடகைப் படகில் வருவோர் மட்டுமே புகார் போடலாம் என்று ஆணை பிறந்தது. அந்த மாதமே குறைகள் சரிந்தன. சபை மேளதாளத்தோடு விழா எடுத்தது. விழா நடந்த மேடையும் தெற்குப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது.

குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்த கதையாக அடுத்தது வந்தது. சில ஆட்டக்காரர்கள் பந்துக்குள் ஈயம் வைத்துக் கள்ளாட்டம் ஆடினார்கள். அந்தப் பந்துகள் வாடகைப் படகுகளின் தரைப்பலகைக்கு அடியில் ஒளிந்து வந்தன. சபை கொதித்தெழுந்தது. ஒவ்வொரு படகின் அடிவயிற்றிலும் ஒரு காவலர் ஒளிந்து படுத்துக்கொண்டு, மேலே நடப்பதையும் பேசுவதையும் கேட்டபடி வருவார் என்று உத்தரவு போட்டது. மக்கள் இதற்கும் பழகினார்கள். பலகை இடுக்கு வழியாக அவருக்கு முறுக்குக் கொடுத்தார்கள். ஈயப்பந்துக்காரர்கள் முறுக்கோடு அதிரசமும் கொடுத்து நல்ல சினேகம் பிடித்துக்கொண்டார்கள்.

காவலர் தலைவர் அரும்பாயியின் மரத்துக்கும் வந்தார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஐந்து மரம், நடுவே கயிறு, கீழே கடல். "இதில் நான் எங்கே ஒளிவது?" என்று கேட்டார்.

"ஒளிய எடமில்லீங்க. அதனால எதையும் ஒளிச்சு வைக்கவும் எடமில்ல" என்றாள் அரும்பாயி.

அவர் அதை ஓலையில் எழுதிக்கொண்டார். காவலர் ஒளிய இடமில்லாத கலத்தில் சோதனை நடத்த இயலாது, சோதனை நடத்த இயலாத கலத்தில் வருபவர் கள்ளாட்டக்காரரே என்று அதற்குக் கீழே முடிவும் எழுதினார். அவளுடைய செப்பேட்டின் ஓரத்தை வெட்டி, கள்ளாட்டக்காரி என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பொய்மூக்கு வைத்தாலும் கட்டுமரம் இனித் துறையில் ஏறக் கூடாது என்று தடையும் போட்டார்கள். அரும்பாயி திரும்பும் வழியெல்லாம் அழுதாள். அவள் வாழ்நாளில் ஓர் ஆட்டத்திலும் ஏமாற்றியதில்லை. சிறு வயதில் சோழியை மாற்றி வைக்கிறவள் பூவாத்தாள்தான். அவளுடைய செப்பேடு பளபளவென்று முழுதாக இருந்தது.

அந்த மாதம் ஜோடி சேரவில்லை. உப்பு வியாபாரி ஒருவரிடம் பூவாத்தாள் சொல்லியனுப்பினாள். அடுத்த மாதமும் நீ வராவிட்டால் களம் போய்விடும், அதற்கப்புறம் அத்தை என்னைக் கடற்கரைக்கே விட மாட்டாள், எப்படியாவது வந்து சேர் என்பதுதான் சேதி.

அடுத்த மாதம் ஆட்டத்தன்று அரும்பாயி மூக்கில்லாத மரத்தோடு மதிலுக்குக் கீழே போய் நின்று, முடிச்சுத்தீவிலிருந்து வந்திருக்கிறேன், அளவைநாயகத்தைப் பார்க்க வேண்டும் என்று கூப்பாடு போட்டாள். அவர் மதில்மேல் வந்தார். குடையும் கூடவே வந்தது.

"அம்மையே, சபைக்கு யார்மீதும் விரோதம் கிடையாது. ஒரு படகை வாடகைக்கு எடுத்து வரலாமே" என்றார்.

கள்ளாட்ட முத்திரை உள்ளவருக்கு ஓராண்டு படகு கிடையாது என்று குழுமம் சொல்லிவிட்டதை அரும்பாயி சொன்னாள். அவர் அதை மெச்சினார், குழுமம் விதிகளைச் சரியாகப் பின்பற்றுகிறது என்றார். அப்படியானால் முத்திரையை எடுக்க வழி உண்டா என்று கேட்டாள். உண்டு, மேல்முறையீட்டு மன்றம் இருக்கிறது, மனுதாரர் நேரில் வர வேண்டும் என்றார். மன்றம் எங்கே என்று கேட்டாள்.

"களித்தீவுக்குள்" என்றார் அளவைநாயகம்.

அப்போது முதல் மணி அடித்தது. அதோடு வேறொரு சத்தமும் கேட்டது. ஏதோ நெடுநேரம் முனகி, பிறகு படீரென்று அறுந்தது. மதிலுக்குள் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அளவைநாயகத்தின் குடை தெற்கே சாய்ந்தது, பிறகு அவரும் சாய்ந்தார். ஒரு சேவகன் ஓடிவந்து அவர் காதில் என்னவோ சொன்னான். அவர் முகம் வெளுத்தது. குனிந்து, முதன்முறையாகக் கைகூப்பினார்.

"தாங்கள் முடிச்சுத்தீவு என்றா சொன்னீர்கள்?"

மதிலின் அடியில், நீர் மட்டத்தில், சாக்கடைக்கென்று ஓர் இரும்புக் கதவு இருந்தது. அளவைநாயகம் கீழே இறங்கி வந்து, அதன் வழியாக அவளை உள்ளே விட்டார். பாறையும் மண்ணும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அரும்பாயி குனிந்து நுழைந்தாள். உள்ளே பாறை இல்லை, ஒரு பிடி மண்கூட இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரங்கள், ஒன்றோடொன்று இழைத்துப் பிணைத்து, தண்ணீரில் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நாற்பது வகை முடிச்சும் அங்கே இருந்தன. எதன்மேல் அடிதடி நடந்ததோ அந்த முடிச்சுகூட அருகருகே பத்து இடத்தில் இருந்தது. களித்தீவு தீவே அல்ல.

அவள் ஒரு முடிச்சைத் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "ஐயா, இது கட்டுமரம்."

"அப்படிச் சொல்லலாகாது. சபை ஆவணங்களில் இதற்கு அடிப்படை அமைப்பு என்று பெயர்."

"யாரு கட்டினது?"

"காலந்தோறும் யாரோ கட்டியிருக்கிறார்கள். கூலி கேட்டதில்லை. ஆகவே பெயர் குறித்துக்கொள்ளத் தேவைப்படவில்லை" என்றார் அளவைநாயகம், தாழ்ந்த மரத்தின்மேல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு.

தெற்குக் கட்டு அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்துக் கட்டினால் கௌரவ முடிச்சாளர் என்ற பட்டமும் ஒரு சால்வையும் தருவதாக அவர் சொன்னார். பட்டம் வேண்டாம், அக்காளோடு ஓர் ஆட்டம் ஆட விட்டால் போதும் என்றாள். அவர் உண்மையிலேயே சங்கடப்பட்டார். கட்டியவர் பட்டம் பெற்றே ஆக வேண்டும், பட்டம் பெற்றவர் பணியாளர் ஆவார், பணியாளர் ஆட விதியில் இடமில்லை என்றார்.

அரும்பாயிக்கு ஆத்திரம் பொங்கியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியே பூசாரியின் காலடியில் கிடந்து மிதக்கிறது. போங்கள் நீங்களும் உங்கள் தீவும் என்று கதவைப் பார்த்து இரண்டடி வைத்தாள். இரண்டாம் மணி அடித்தது. தலைக்கு மேலே பலகை இடுக்கில் ஒரு காலடி தெரிந்தது. ஆட்டம் தொடங்கும் முன் இடது குதிகாலை மூன்று முறை தட்டிக்கொள்கிற கால். உலகத்தில் ஒருத்திக்குத்தான் அந்தப் பழக்கம்.

"அக்கா" என்றாள்.

குதிகால் நின்றது. "யாரு கீழ?"

"நாந்தான்க்கா. எறங்கி ஓடிராத. கட்டிட்டு வர்றேன்."

விட்டுப் போனால் எல்லோரும் மூழ்குவார்கள். அந்த எல்லோரில் பூவாத்தாளும் உண்டு, ஈயப்பந்துக்காரர்களும் உண்டு, அளவைநாயகமும் உண்டு. ஒருத்தியைக் காப்பாற்ற மற்ற அத்தனை பேரையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. உலகத்தில் பாதி நல்ல காரியம் இப்படித்தான் நடக்கிறது. அரும்பாயி கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் முங்கினாள். திட்டிக்கொண்டே கட்டினாள், ஆனால் முடிச்சில் ஒரு குறையும் வைக்கவில்லை. தெற்குப் பக்கம் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. மேலே ஆயிரம் பேர் மூச்சுவிட்டார்கள்.

வேலை முடிந்ததும் அவள் இரும்புக் கதவுக்குப் போகவில்லை. கிழக்குத் தூணுக்கு அடுத்த பலகையைத் தலையால் முட்டித் தள்ளினாள். அதைத்தான் யாரும் ஆணி அடித்துச் சரிசெய்யவில்லையே. மூன்றாம் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட, நாற்றூண் களத்தின் நடுவே வந்து நின்றாள்.

நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இருவரும் களத்தில் நிற்க வேண்டும் என்றுதான் இருந்தது, எந்த வழியாக வந்து என்று இல்லை. காவலர் தலைவர் ஓடிவந்து, இவள் கட்டுமரத்தில் வந்தவள், ஆடக்கூடாது என்றார்.

பூவாத்தாள் பலகை பெயர்ந்த ஓட்டையைக் காட்டினாள். "கட்டுமரத்துல இருக்கிறவங்க ஆடக் கூடாதுன்னா, இங்க நிக்கிற அத்தனை பேரும் எறங்கிப் போங்க."

கூட்டத்தில் முதலில் ஒருவர் எட்டிப் பார்த்தார். பிறகு பத்துப் பேர். பிறகு எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். ஈர வேட்டியோடு வந்து சேர்ந்த அளவைநாயகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்த ஓட்டையின் மேல் நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டு, ஆட்டம் தொடங்கட்டும் என்றார். முடியும்வரை அங்கிருந்து அசையவில்லை. பந்து அவர் மேல் நான்கு தடவை பட்டது. அன்றைக்கு அக்காளும் தங்கையும் படுதோல்வி அடைந்தார்கள். பூவாத்தாள் பந்தைப் பார்க்காமல் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபை அன்று அந்தி வரை கூடிப் பேசியது. கட்டுமரங்களை அனுமதிக்கலாம் என்றார் ஒருவர். அப்படியானால் இத்தனை நாள் தடுத்தது தவறு என்றாகிவிடும் என்றார் இன்னொருவர். தளத்தையே கல்லால் கட்டலாம் என்றார் மூன்றாமவர். கல் மிதக்காது என்று நினைவூட்டினார்கள். கடைசியில் எல்லாவற்றிலும் எளிய வழி எதுவோ அதைத் தேர்ந்தார்கள். மறுநாள் நூற்றெட்டுத் தீவுகளிலும் முரசறைந்தார்கள். கட்டுமரத் தடை தொடரும். களித்தீவில் நிற்கும் எவரும் இனிமேல் கீழே பார்க்கக் கூடாது.

அன்று முதல் மாதம் ஒருமுறை அரும்பாயி சாக்கடைக் கதவு வழியாக நுழைகிறாள். தளர்ந்த கட்டுகளை இறுக்கிவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு களத்தில் ஏறுகிறாள். பூவாத்தாள் முந்தானையால் அவள் தலையைத் துவட்டிவிடுகிறாள். இருவரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே நன்றாகத்தான் ஆடுகிறார்கள். மக்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடியே கைதட்டுகிறார்கள். நடுவரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால், யார் வென்றார்கள் என்பதை இப்போதெல்லாம் சபைதான் அறிவிக்கிறது.